கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைக்க எது ஏற்றது: எச்டிஎம்ஐயா, பழைய விஜிஏவா, கம்பியில்லா வழியா?

கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைக்க எந்தக் கேபிள் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் படத்தை மட்டுமே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும், கடலூரில் உறவினர் வீடுகளிலும் இந்த வேலையைப் பலமுறை செய்து கொடுத்ததில் நான் கண்டது வேறு. படம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஒலிதான் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அந்த வீட்டுப் படியேற வைக்கும்.

எதிர்வீட்டு அம்மாவின் மகன் பிரான்சில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசுவார்கள். மடிக்கணினியை 43 அங்குலத் தொலைக்காட்சியுடன் இணைத்துக் கொடுத்த முதல் நாள், பேரக்குழந்தையின் முகம் சுவரில் பெரிதாகத் தெரிந்தபோதும் அவர் தலையைத் திருப்பி மேசையில் இருந்த மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, புள்ள முகம் அங்க தெரியுது, பேச்சு மட்டும் இங்கேர்ந்து கேக்குதே" என்றார். அன்றிலிருந்து, யார் கேட்டாலும் ஒலி எந்த வழியாகப் போகப்போகிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல் ஒலி. படத்தைக் கொண்டுசெல்லும் அதே கேபிளில் ஒலியும் செல்கிறதா, அல்லது அதற்குத் தனிவழி தேட வேண்டுமா? தனிவழி என்றால் இன்னொரு கேபிள், இன்னொரு செட்டிங், பல வீடுகளில் ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் "உம்" என்ற இரைச்சல் ஆகியவை கூடவே வரும்.

இரண்டாவது, இரு கருவிகளிலும் உள்ள போர்ட்டுகள், அதாவது கேபிள் செருகும் துளைகள். கடைக்குப் புறப்படும் முன் கணினியின் பின்பக்கத்தையும் தொலைக்காட்சியின் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதன் அருகில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் ஹெட்போன் படம் போட்ட சிறு துளை ஒலியை வெளியே அனுப்புவது. கணினியின் ஒலியை அதில் செருகினால் எதுவும் கேட்காது. 'ஆப்டிகல்' என்று எழுதிய சதுரத் துளையும் தொலைக்காட்சியில் பெரும்பாலும் வெளியே அனுப்புவதுதான். இந்த இரண்டில் கணினியின் ஒலிக் கேபிளைச் செருகிவிட்டு, தொலைக்காட்சி பழுது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தூரம். மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் நேர்கோட்டில் மூன்று மீட்டர்தான் இருக்கும். ஆனால் கேபிள் சுவரோரமாக இறங்கி, வாசல் நிலையைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டுமானால் அது எட்டு மீட்டராகிவிடும். ஒரு சணல் கயிற்றைக் கேபிள் போகும் வழியிலேயே பிடித்து அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

நான்காவது தாமதம். திரைப்படம் பார்க்கையில் படமும் ஒலியும் சேர்ந்தே அரை நொடி பின்தங்கினால் யாருக்கும் தெரியாது. சுட்டியை நகர்த்தும்போதும், விளையாட்டிலும், எதிரே ஒருவர் பேசும் வீடியோ அழைப்பிலும் அதே தாமதம் பொறுக்க முடியாததாகிவிடும்.

ஐந்தாவது எழுத்தின் தெளிவு. படம் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் வேண்டிய கூர்மை ஒன்றல்ல. தமிழ் எழுத்தில் இதை எளிதாகச் சோதிக்கலாம்: ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, 'ண', 'ஐ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகள் பாடம் படிக்க இணைக்கிறீர்கள் என்றால் இதுதான் முதன்மையான சோதனை.

கடைசியாக, நம் கடற்கரைக்கே உரிய சில செய்திகள் உண்டு: உப்புக்காற்று, எர்த், மழைக்கால மின்வெட்டு. இவை பொதுவான ஒப்பீடுகளில் வருவதில்லை. இங்கே முடிவை மாற்றக்கூடியவை என்பதால் பின்னால் தனியாகப் பேசுகிறேன்.

## நேரடி எச்டிஎம்ஐ கேபிள்

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐயின் முதல் வரையறை வெளிவந்தபோது அதன் நோக்கமே படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில், எண்முறையில் (டிஜிட்டலாக) கொண்டுசெல்வதுதான். இருபக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று மீட்டர்க் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கணினித் திரையில் தெரிவது அப்படியே தொலைக்காட்சியிலும் தெரியும். ஒலியும் அதன் ஸ்பீக்கருக்கே போகும்.

போகவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் கணினியைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் கீழ்வலப் பக்கத்து ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்ற பட்டியல் வரும்; அதில் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைக்காட்சி அணைந்திருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இராது. அழைப்புச் செயலிகள் பலவற்றில் ஒலிக்கென்று தனி செட்டிங் உண்டு. விண்டோஸில் மாற்றியும் செயலி பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். எதிர்வீட்டில் நடந்தது இதுதான்.

படத்தில் வரும் குறைகளும் பெரும்பாலும் செட்டிங்கில் தீர்பவையே. திரையின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பட்டை பாதி மறைந்திருந்தால், தொலைக்காட்சி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பொருள். குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் படத்தின் ஓரக் குறைகளை மறைப்பதற்காக வந்த பழக்கம் அது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்ற பெயர்களில் இதை நிறுத்தும் வழி இருக்கும். எழுத்தின் விளிம்பில் நிறம் கசிந்தாற்போல் இருந்தால், அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல தொலைக்காட்சிகள் அந்தப் பெயரைக் கண்டதும் நிற விவரங்களைச் சுருக்காமல் முழுமையாகக் காட்டும். புள்ளியும் சுழியும் உடனே தெளியும்.

மடிக்கணினியில் இன்னொன்று. விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். இரண்டு திரையிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தால், 1366×768 புள்ளிகள் அளவுள்ள பழைய மடிக்கணினியின் படம் அந்த அளவிலேயே தொலைக்காட்சியிலும் விரிக்கப்பட்டு மங்கலாகத் தெரியக்கூடும். தொலைக்காட்சித் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தால் அது தன் முழு அளவில் காட்டும்.

4கே எனப்படும் மிக நுண்ணிய திரையுள்ள தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐயின் பதிப்பைக் கவனிக்க வேண்டும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும்; 60 முறை என்பது 2013-இல் வந்த 2.0 பதிப்பில்தான் சாத்தியமானது. பழைய மடிக்கணினியை 4கே அளவில் வைத்து, சுட்டி தட்டுத் தடுமாறி நகர்கிறது என்று கவலைப்படுபவர்கள் அளவை 1920×1080-க்குக் குறைத்து 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) வைத்துப் பார்க்கட்டும். மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் வீட்டில் அதுவே கண்ணுக்கு இதம்.

தூரம்தான் இந்த வழியின் எல்லை. 1080 அளவுக்குப் பத்து மீட்டர் வரை நல்ல கேபிள் ஒன்று தாங்கும். 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்து மீட்டருக்கு மேல் சாதாரணச் செப்புக் கேபிளை நம்ப வேண்டாம். அதற்கு மேல் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் உண்டு, விலையும் பல மடங்கு. அதற்குக் கணினிப் பக்கம், தொலைக்காட்சிப் பக்கம் என்று இரு முனைகள் தனித்தனி. மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. சுவருக்குள் பைப்பில் விடும் முன்பே எந்த முனை எங்கே என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி விட வேண்டிவரும்.

## டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி வழியாக

புதிய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ இருப்பதில்லை. அலுவலகத்திலிருந்து வரும் பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறொரு படப் போர்ட் இருக்கும். இவற்றிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிள் ஒலியையும் சேர்த்தே கொண்டுசெல்லும் என்பதால், பயன்பாட்டில் இது முந்தைய வழியேதான்.

மறைந்திருக்கும் சிக்கல்கள் மூன்று. எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை அனுப்புவதில்லை. பல வெறும் சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டுமே. போர்ட்டின் அருகில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பின்பே அடாப்டர் வாங்குங்கள். இரண்டாவது, மலிவான அடாப்டர்கள் 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். மூன்றாவது, டிஸ்ப்ளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை: டிஸ்ப்ளேபோர்ட் முனை கணினியில்தான் இருக்க வேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினியில் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டு, படம் வரவில்லை என்று திகைப்பவர்கள் அதிகம். கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் போர்ட்டில்தான் செருக வேண்டும்.

## பழைய விஜிஏ, தனி ஒலிக் கேபிளுடன்

ஐபிஎம் நிறுவனம் 1987-இல் அறிமுகப்படுத்திய விஜிஏவை, 2015-க்குள் கைவிடுவதாக இன்டெலும் ஏஎம்டியும் 2010-இல் அறிவித்தன. ஆனால் நம் வீடுகளில் அது இன்னும் போய்விடவில்லை. பத்து ஆண்டுப் பழமையான மேசைக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கேபிளுக்காக அதை மாற்றச் சொல்வது நியாயமில்லை. தொலைக்காட்சியிலும் விஜிஏ உள்ளீடு இருந்தால் இந்த வழி உண்டு.

விஜிஏவில் ஒலி கிடையாது. 15 ஊசிகளில் ஒன்றுகூட அதற்கானதல்ல. கணினியின் பச்சை நிற ஒலித் துளையிலிருந்து தொலைக்காட்சியின் 'பிசி ஆடியோ' உள்ளீட்டுக்குத் தனிக் கேபிள் போக வேண்டும். சில தொலைக்காட்சிகளில் இந்த ஒலி உள்ளீடு விஜிஏவைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே உயிர்பெறும். அந்த ஒலி உள்ளீடே இல்லாத தொலைக்காட்சியில் கணினியின் பழைய ஸ்பீக்கரையே பயன்படுத்துவதுதான் சரி; ஆனால் அதைத் தொலைக்காட்சிக்கு அருகே கொண்டுபோய் வையுங்கள். ஒலி படத்தின் பக்கத்திலிருந்து வந்தால்தான் கண்ணும் காதும் ஒரே இடத்தில் நிற்கும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியம்மா வீட்டில் இப்படித்தான் இணைத்திருந்தோம். ஒரு மழைக்காலம் கழிந்து போனபோது படம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. வெள்ளைச் சுவரும் வெண்ணெய் நிறத்தில் தெரிந்தது. தொலைக்காட்சிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கலாம் என்று பெரியப்பா முடிவே செய்துவிட்டார். கேபிளின் நீலத் தலையைத் திருகி எடுத்தபோது, உள்ளே ஊசிகளின் அடியில் பச்சை நிறப் பொருக்கு, தொட்டால் உதிரும்படி படிந்திருந்தது. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனி ஊசிகளில் செல்கின்றன. நீலத்தின் ஊசி தொடர்பிழந்தால் மிஞ்சுவது மஞ்சள். காண்டாக்ட் கிளீனர் தெளித்து, காயவிட்டு, புதிய கேபிள் போட்டதும் வெள்ளை வெள்ளையானது. எண்முறைக் கேபிளில் இப்படி நிறம் மெல்ல மங்காது. படத்தில் புள்ளிகள் மின்னும், அல்லது படமே அற்றுப்போகும். அதனால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது.

கணினியில் விஜிஏ, தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் கன்வெர்ட்டர் தேவை. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது வேறு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்த முடியாது. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. அதில் கணினியின் ஒலியை உள்வாங்கும் சிறு கேபிளும், மின்சாரம் எடுக்க யுஎஸ்பி கேபிளும் இருக்க வேண்டும். ஒலியும் எச்டிஎம்ஐக்குள் ஏறித் தொலைக்காட்சிக்கே போய்விடும் என்பதால், தனிக் கேபிளைத் தொலைக்காட்சி வரை இழுப்பதைவிட இது மேல்.

கட்டணத் திரைப்படச் சேவைகளைப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை எச்டிசிபி என்ற நகல் பாதுகாப்பைக் கேட்பவை. விஜிஏவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. படம் குறைந்த தரத்தில் வரலாம், சில இடங்களில் கறுப்புத் திரையும் ஒலியும் மட்டுமே வரலாம்.

## கம்பியில்லா வழி

வைஃபையில் இணைக்க இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் ஏமாற்றம் வருகிறது.

2012-இல் வந்த மிராகாஸ்ட் முறையில் கணினித் திரை முழுவதும், ஒலியுடன் சுருக்கப்பட்டு, தொலைக்காட்சிக்கு நேராக அனுப்பப்படும். விண்டோஸ் விசையுடன் 'கே' விசையை அழுத்தித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரூட்டர் தேவையில்லை, இணையம் தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது. ஆனால் படம் சுருக்கப்பட்டு விரிக்கப்படுவதால் தாமதம் உண்டு. எழுத்தின் ஓரங்கள் சற்றுக் கரையும். பக்கத்து வீடுகளின் வைஃபை அடர்ந்திருக்கும் தெருவில் இடையிடையே அறுந்தும் போகும். மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபையே இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

2013-இல் குரோம்காஸ்ட் கருவியுடன் பரவிய முறை வேறு. கூகுள் அந்தக் கருவியின் உற்பத்தியை 2024-இல் நிறுத்திவிட்டாலும், ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகளுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. குரோம் உலாவியில் யூடியூப் போன்ற தளத்திலிருந்து 'காஸ்ட்' செய்தால், கணினி முகவரியை மட்டுமே சொல்லும். படத்தைத் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் படமும் ஒலியும் குறையின்றி இருக்கும். அதே உலாவியில் பக்கத்தையோ முழுத் திரையையோ அனுப்பினால் கணினியே சுமக்க வேண்டும். மிராகாஸ்டின் குறைகளெல்லாம் இதற்கும் வந்துவிடும். இந்த முறைக்கு இரண்டு கருவிகளும் ஒரே ரூட்டரில் இருக்க வேண்டும். ஆப்பிள் கணினிகளில் மிராகாஸ்ட் இல்லை. அவற்றுக்கு ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளேயை ஏற்கும் தொலைக்காட்சி வேண்டும்.

நிழற்படங்களைக் காட்டுவதற்கும், வாரத்துக்கு ஒருமுறை பாடல் போடுவதற்கும், வாடகை வீட்டில் சுவரில் எதையும் ஆணியடிக்க முடியாதவர்களுக்கும் கம்பியில்லா வழி நல்லது. நாள்தோறும் நான்கு மணிநேரம் பாடம் கேட்கும் பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறுந்து அறுந்து வரும் பாடம் கவனத்தையும் அறுத்துவிடும்.

## இணைக்காமலே பார்ப்பது

சிலருக்குக் கணினியை இணைக்க வேண்டிய தேவையே இல்லை. கல்யாண வீடியோவை உறவினர்களுக்குக் காட்ட வேண்டுமானால் பென்டிரைவில் நகலெடுத்துத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகலாம். சில கோப்பு வகைகளைத் தொலைக்காட்சி ஏற்காது. படம் ஓடி ஒலி மட்டும் வராமல் போனால், அந்தக் கோப்பில் உள்ள ஒலி வகையைத் தொலைக்காட்சி படிக்கவில்லை என்று பொருள். ஒலியை மட்டும் ஏஏசி வகைக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும்.

## ஒலியைத் தொலைக்காட்சியிலிருந்து வெளியே எடுப்பது

மெல்லிய தொலைக்காட்சிகளின் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் பேச்சு அடங்கிக் கேட்கும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் கணினியை அதனுடன் தனியாக இணைக்கத் தேவையில்லை. கணினியிலிருந்து எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்குப் போகட்டும். தொலைக்காட்சியில், ஒலியை வெளியே அனுப்பக்கூடிய, 'ஏஆர்சி' என்று குறித்த எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து இன்னொரு கேபிள் சவுண்ட்பாருக்குப் போகட்டும். அந்தப் போர்ட்டைக் கணினிக்கு எடுத்துக்கொண்டுவிட்டுப் பிறகு தேடுபவர்கள் உண்டு. முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பின்தங்கும். உதடு அசைந்த பிறகே சொல் கேட்கும். விஎல்சி செயலியில் படம் பார்க்கும்போது 'ஜே' விசை ஒலியை முன்னே இழுக்கும், 'கே' விசை பின்னே தள்ளும். அதனால் கோப்பாக வைத்திருக்கும் படங்களுக்கு இதைச் சரிசெய்துகொள்ளலாம். நேரடி அழைப்புக்கு அந்த வழி இல்லை.

| வழி | ஒலி | எழுத்துத் தெளிவு | தாமதம் | நம்பத்தக்க தூரம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| எச்டிஎம்ஐ | அதே கேபிளில் | மிக நன்று | மிகக் குறைவு | 4கே: 5 மீ.; 1080: 10 மீ. | நீண்ட தூரத்துக்கு ஒளியிழைக் கேபிள் |
| டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி | அதே கேபிளில் | மிக நன்று | மிகக் குறைவு | குறுந்தூரம் | சரியான அடாப்டர் |
| விஜிஏ | தனிக் கேபிள் | நடுத்தரம் | மிகக் குறைவு | தூரம் கூடினால் மங்கும் | ஒலிக் கேபிள், கன்வெர்ட்டர், துருப்பிடித்தல் |
| மிராகாஸ்ட் | படத்துடன் | சுமார் | உணரும்படி | ஒரே அறை | கணினியில் வைஃபை இல்லையெனில் அது |
| காஸ்ட் | படத்துடன் | வீடியோவுக்கு நன்று | தளத்தைப் பொறுத்தது | ரூட்டர் எட்டும் வரை | இணைய டேட்டா, ரூட்டருக்கு மின்காப்பு |
| பென்டிரைவ் | கோப்பைப் பொறுத்தது | பொருந்தாது | இல்லை | பொருந்தாது | கோப்பு மாற்றும் நேரம் |

## உப்புக்காற்றும் எர்த்தும் மின்வெட்டும்

எந்தக் கம்பி வழியைத் தேர்ந்தாலும் இதைக் கவனிக்க வேண்டும். மேசைக் கணினியின் மின்வழங்கிக்குள், இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத பழைய வீட்டில் அந்தப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்கும். புறங்கையால் தொட்டால் ஜிவ்வென்று இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நொடியில் அந்தக் கசிவு தொலைக்காட்சிக்குப் பாய்ந்து போர்ட்டைக் கெடுத்துவிடக்கூடும். சில நூறு ரூபாய்க் கேபிளுக்காக மெயின் போர்டையே மாற்றும் நிலை வந்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. இரண்டு கருவிகளையும் சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் கழற்றிய பிறகே கேபிளைச் செருகுங்கள். தனி ஒலிக் கேபிளில் கேட்கும் "உம்" இரைச்சலுக்கும் பெரும்பாலும் எர்த்தே காரணம். இரண்டு கருவிகளையும் ஒரே மூன்று முள் பலகையிலிருந்து இயக்கினால் குறையும். எர்த்தைச் சோதிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. அதற்கான கூலியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நம் கரைக்குக் கொண்டுவருவது எளிதில் மறக்கக்கூடியதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. இடி இடிக்கும்போது டிஷ் கேபிள் வழியாகச் செட்-டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சிக்கும், கடைசியில் கணினிக்கும் மின்னதிர்ச்சி வரப் பாதை இருக்கிறது. இணைப்பு என்பது அந்தச் சங்கிலியில் கணினியையும் கோப்பது என்று நினைவில் வைத்து, வானம் இருண்டதும் டிஷ் கேபிளையும் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். கம்பியில்லா வழிக்கு இந்த ஒரு கூறில் தெளிவான மேன்மை உண்டு.

மின்வெட்டில் வேறொரு கணக்கு வரும். இன்வெர்ட்டர் லைனில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் இருக்கும். கணினியும் ரூட்டரும் பல வீடுகளில் இராது. மடிக்கணினியும் எச்டிஎம்ஐயும் என்றால் தொலைக்காட்சிக்கு மட்டும் மின்காப்பு இருந்தால் போதும். காஸ்ட் முறைக்கு ரூட்டரையும் அந்த லைனில் சேர்க்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு இருந்தால், பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கேபிளைக் கழற்றிச் செருகினாலே ஊசிகளில் படியும் மெல்லிய படலம் உரசிப்போகும்.

## எந்த வீட்டுக்கு எது?

பிள்ளை படிக்கும் வீட்டுக்கு எச்டிஎம்ஐயே. மேசை தொலைக்காட்சிக்கு அருகில் வர முடியாவிட்டால், மேசையை நகர்த்துவது நீண்ட கேபிள் வாங்குவதைவிட மலிவு. 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றின் திரை 1366×768 அளவே என்பதால், விண்டோஸில் எழுத்தின் அளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

பழைய மேசைக் கணினியும் பழைய தொலைக்காட்சியும் இருக்கும் வீட்டில், பழைய பாடல்களும் கோயில் விழாப் பதிவுகளும் மட்டுமே பார்ப்பதென்றால் விஜிஏயும் ஒலிக் கேபிளும் போதும். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய கேபிள் கிடைத்தால், ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம். புதிதாகக் கன்வெர்ட்டர் வாங்க வேண்டிய நிலை வந்தால், அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து எச்டிஎம்ஐ உள்ள பழைய கணினிக்கு மாறுவதையும் எண்ணிப் பார்க்கலாம்.

படம் மட்டுமே பார்க்கும் வீட்டில், தொலைக்காட்சி ஆண்ட்ராய்டு வகையாக இருந்தால், காஸ்ட் முறைக்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டு அழைப்புக்கென்றால் கம்பியில்லா வழியை விட்டுவிடுங்கள். தாமதத்தால் இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். தொலைக்காட்சி ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் ஏறி மறுமுனையில் எதிரொலிக்கும். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கடைசியில் அமைத்துக் கொடுத்தது மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். அழைப்புச் செயலிக்குள்ளும் ஒலியைத் தொலைக்காட்சிக்கு மாற்றிவிட்டோம். மடிக்கணினியின் கேமரா மேசையிலேயே இருந்ததால், அவர் தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசும்போது மகனுக்குப் பக்கவாட்டு முகமே தெரிந்தது. அதற்காக மைக்குடன் கூடிய யுஎஸ்பி கேமரா ஒன்றைத் தொலைக்காட்சியின் மேல்விளிம்பில் மாட்டினோம். யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது, இங்கே மூன்றுக்குள் முடிந்தது. எதிரொலி வராத அளவுக்கு ஒலியைக் குறைத்து, அந்த எண்ணையும், ரிமோட்டில் எச்டிஎம்ஐ 2-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சிக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம். இப்போது அழைப்பு வந்தால் அவரே போட்டுக்கொள்கிறார்.